ஏழாம் எண் வாசல்

மொத்தம் இருபத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினைந்து நீலம், பத்து சிவப்பு. எண்ணியது நான்தான். பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் வாழ்க்கையைக் கழித்தவளுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க வராது. ரீத்தாக்கா வீட்டு வாசலில், எங்கள் வரிசையின் ஏழாம் எண் வீட்டில், அவை மூன்று வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை.

அது ஓர் அக்டோபர் மாலை. மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. மாதா சுரூபத்தை என் வீட்டுக்காரர் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். ஆறாம் எண் வீட்டுப் பெரியவருக்குக் கை நடுங்கும் என்பதால் அவர் கூடவே நடந்துவர, சுரூபம் இவர் கையில். பின்னால் நாங்கள் நாற்பது பேர், மெழுகுவர்த்தியும் பாட்டுமாக. ஆறாம் எண் வீட்டிலிருந்து எட்டாம் எண் வீட்டுக்குப் போக வேண்டும். எட்டு என் வீடு. நடுவில் ஏழு.

ரீத்தாக்கா வாசலில் நின்றிருந்தார். பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை. கையில் ஏற்றிய மெழுகுவர்த்தி, காற்றில் அணைந்துவிடாமல் இன்னொரு கையால் மறைத்துப் பிடித்திருந்தார். தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளேயிருந்து கொண்டைக்கடலைச் சுண்டல் வாசனை தெரு வரைக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்து, "இங்க நிக்கறதில்லையா?" என்று கேட்டார்.

"எட்டாம் நம்பருங்க," என்றேன்.

அவர் நடந்தார். எல்லாரும் நடந்தார்கள். பாட்டு ஓர் அடிகூட நிற்கவில்லை. இந்தத் தொடரை ஆரம்பித்த வாரத்திலிருந்தே இதை எழுத வேண்டும் என்று உட்காருவேன், பிறகு வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். சென்ற வாரம் ஸ்டோர்ஸ் ரூம் எலிகளைப் பற்றி நான் அவ்வளவு நீட்டி முழக்கியதற்குக் காரணம் இதுதான்.

பட்டியல் எழுதுகிறவள்

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை இருபது, முப்பது வீடுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஓர் அன்பியம் என்பார்கள். வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். பீளமேட்டில் எங்கள் அன்பியத்தில் மூன்று தெருக்களுமாகச் சேர்த்து இருபத்தெட்டு வீடுகள்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். ஒரு முழ உயர மாதா சுரூபம் ஒன்று வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டார்தான் சுரூபத்தைச் சுமந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேறு யாரிடமும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் கிடையாது. முதல் நாள் சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட மறுநாள் ஒருவர் வாசலில் ஒருவர் நின்றாக வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் யாரோ, மனிதர்களை நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர்.

எந்த நாள் எந்த வீடு என்று பட்டியல் எழுதுகிற வேலை என்னுடையது. யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நான்கு பிரதி எழுதி, கோயில் பலகையில் ஒன்றை ஒட்டுவேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் வாசிப்பேன். வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

மேல் லைன், கீழ் லைன்

நான் பிறந்தது வால்பாறை எஸ்டேட் ஒன்றில். அங்கே பூசை வைக்கிற சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் எங்களுக்குக் கோயில் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசையான லைன்தான்.

சரிவில் மேலே ஒரு லைன், கீழே ஒரு லைன். சாயங்காலம் வேலை முடிந்து, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலில் உட்காருவோம். அக்டோபரில் பனிமூட்டம் எப்படி இருக்குமென்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம்கூட மங்கலாகத்தான் தெரியும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து மேல் லைன்காரர்கள் மங்கள வார்த்தை ஜெபத்தின் முற்பாதியைச் சொல்வார்கள். சொல்லி நிறுத்துவார்கள். கீழ் லைன்காரர்களான நாங்கள் பிற்பாதியைச் சொல்வோம்.

ஜெபமாலை அப்படி அமைந்த ஜெபம். ஒரு பக்கம் வாழ்த்து, மறு பக்கம் மன்றாட்டு. ஐம்பத்து மூன்று தடவை. யார் இருக்கிறார்கள், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் வீட்டில் இன்றைக்குச் சண்டை என்பதெல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும். யாராவது ஒருவர் குரல் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போவார்கள்.

இரண்டு பாதியையும் ஒருவரே சொல்லலாம் என்பது எனக்குப் பத்தொன்பது வயது வரை தெரியாது. பதில் சொல்லியே வளர்ந்தவள் நான்.

சுவருக்கு அந்தப் பக்கம்

கல்யாணமாகிப் பீளமேட்டுக்கு வந்தபோது இந்த ஊரே எனக்குச் சத்தமாக இருந்தது. மில் சங்கு, பஸ் ஹாரன், எதிர்ப் பட்டறையில் லேத் ஓடுகிற கீச்சு. வெயில் வேறு. என் வீட்டுக்காரருக்கு அப்போது இரண்டாம் ஷிப்ட். சாயங்காலமானால் பத்துக்குப் பத்து அறையில் நான் மட்டும்.

முதல் வாரத்தில் ஒருநாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். முற்பாதியைச் சொன்னேன். பழக்கதோஷம், நிறுத்தினேன். அறை சும்மா இருந்தது. மேற்கொண்டு எப்படிப் போவதென்று தெரியவில்லை. மறுபடியும் முற்பாதியைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் பிற்பாதியைச் சொன்னது. நல்ல கனத்த குரல். அவசரமே இல்லாமல், சோறு பரிமாறுகிற நிதானத்தில் வந்தது. நான் அடுத்ததைச் சொன்னேன். அவரும் சொன்னார். பத்துப் பத்தாக ஐந்து சுற்றும் முடித்தோம். முடிந்ததும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், கையில் ஒரு தூக்குப்போசியோடு ரீத்தாக்கா.

"ஏன் கண்ணு, சுவத்துக்கிட்டயா பேசிட்டிருக்கே? ஒரு எட்டு வந்து கதவத் தட்டுனா ஆகாதா?" என்றார். போசியில் தக்காளி ரசம்.

அடுத்த நாளே இடம் மாறிக்கொண்டோம். அவர் முற்பாதி, நான் பிற்பாதி. எனக்கு அதுதான் வாகு என்று அவருக்கே புரிந்துவிட்டது. கல்லூரி விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்துக்கொண்டு, கணவர் போன பிறகு ஒற்றை மகளை வளர்த்தவர் அவர். ஆறரைக்கு விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டை இறக்கிவைத்துவிட்டு ஏழுக்கு வந்துவிடுவார். புடவையில் எப்போதும் சாம்பார் பொடி வாசனை இருக்கும். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் பிறகு மூன்று பேராகி, எட்டுப் பேராகி, அன்பியம் என்று சாமியார் வந்து பெயர் வைக்கிற அளவுக்கு வளர்ந்தது. ஊட்டியிலிருந்து வந்தவர்கள், திண்டுக்கல்காரர்கள், மில்லில் நூல் பாபின் போட்டவர்கள், காலேஜ் கிளார்க்குகள், ஒருவருக்கொருவர் எந்த ஒட்டும் உறவும் இல்லாதவர்கள். ஜெபமாலைக்கு வந்து உட்கார்ந்துதான் உறவானோம்.

அவர் மகள் ஜான்சிக்கு நான்தான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி, இவளை விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தவள்.

நான் செய்தது

ஜான்சி படித்து முடித்து வேலைக்குப் போன இடத்தில் கார்த்தியை விரும்பினாள். வெள்ளகோவில் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற கவுண்டர் வீட்டுப் பையன். நல்ல பையன், நல்ல குடும்பம். கல்யாணம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது. ரீத்தாக்கா பத்திரிகையோடு வந்து என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

எனக்குக் கோபம் என்பதைவிட அவமானம். ஞானத்தாய் என்று நின்றவள் நான். என் வாக்கு என்ன ஆயிற்று என்று ஊர் கேட்கும் என்று நினைத்தேன். ஊர் ஒன்றும் கேட்கவில்லை. சாமியார்கூட, "பிள்ளைகளைக் கூட்டிவாங்க, ஆசீர்வதிக்கிறேன்," என்றுதான் ரீத்தாக்காவிடம் சொல்லியிருந்தார். குதித்தது நான் ஒருத்திதான்.

அந்த வருஷ அக்டோபர் பட்டியலில் ஆறுக்கு அடுத்து எட்டு என்று எழுதினேன். வாசித்த ஞாயிற்றுக்கிழமை ரீத்தாக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். வழக்கம்போல வீட்டு வரிசைப்படிதானே வரும் என்று நம்பி, அவர் சுண்டல் அவித்து, விடுதியில் கேட்டு நாற்காலி வாங்கிப் போட்டுக் காத்திருந்தார்.

நாற்பது பேரில் ஒருவராவது, இது என்ன அநியாயம் என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்கள். பட்டியலில் இல்லை என்றால் இல்லை. அவ்வளவு நல்ல பெயர் என் பட்டியலுக்கு.

பிறகு சாமியார் விசாரித்தார். மறந்துவிட்டது சாமி என்றேன். ஸ்டோர்ஸில் ஒரு போல்ட்டைக்கூடத் தவறவிடாதவள், சுவரை ஒட்டியிருந்த வீட்டை மறந்துவிட்டேன் என்று ஒரு குருவானவரிடம் சொன்னேன்.

ஏழாம் எண்ணைத் தாண்டி வந்த அன்று மாலை என் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்ததும் ஒரு சங்கடம் நேர்ந்தது. முற்பாதியை யார் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷமும் ரீத்தாக்காதான் தொடங்குவார். கடைசியில் நானே தொடங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் நான் அவித்த சுண்டலைத் தொடவில்லை.

ஸ்பீக்கரில் ஜெபமாலை

அதற்குப் பிறகு சுவரில் குக்கர் விசில் கேட்கும், டிவி கேட்கும், ஜெபம் கேட்காது. ரீத்தாக்கா ஞாயிறு பூசைக்கு வேறு கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். வாசலில் எதிர்ப்பட்டால், "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்பார். கண்ணு என்று கூப்பிட்ட வாய். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் ஜான்சிக்குப் பிரசவம் பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் கொடுக்க மட்டும் ஒருநாள் வந்துபோனார்.

அன்பியம் மெலிந்தது. மில் மூடியது, வீடுகள் இடிந்து அடுக்குமாடி வந்தது, பிள்ளைகள் பெங்களூர் போனார்கள் என்றெல்லாம் நான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் மூன்றாம் தெருவிலிருந்து வருவதை நிறுத்திவிட்ட ஒரு பெண் பல வருஷம் கழித்து மார்க்கெட்டில் என்னிடம் சொன்னாள்: "அடுத்தது யாரு ஊட்டு வாசலத் தாண்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்கக்கா. அதான் நாங்களே நின்னுட்டோம்." கையில் வெண்டைக்காயோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்றானது. முன்னின்று சொல்ல ஆளில்லாததால் யாரோ ஒரு புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்தார்கள். முற்பாதியும் அதுவே சொல்லும், பிற்பாதியும் அதுவே சொல்லும். இசைகூடப் பின்னால் வரும். ஆனால் அது யாருக்காகவும் காத்திருக்காது. யாராவது இருமினால், நடுவில் மூச்சு வாங்கினால், அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் ஓடுவோம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டவற்றில் ஒன்று, "ரீத்தாவுக்குச் சொல்லியாச்சா?" என்பது. சொல்லியாச்சு என்றேன். அது இரண்டாவது பொய். அடக்கத்துக்கு ஜான்சி மட்டும் எப்படியோ தெரிந்து வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். போகும்போது என் போனை வாங்கி அவள் நம்பரை அவளே பதிந்துவிட்டுப் போனாள். ஞானத்தாய் செய்ய வேண்டியதை ஞானப்பிள்ளை செய்தாள்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் மறுபடியும் நான் தனி. சுவரோரம் உட்கார்ந்து முற்பாதியைச் சொல்வேன், நிறுத்துவேன். பிற்பாதியைச் சொல்ல வாய் வராது. பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் எண்ணில் இப்போது ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பக்கம் மிக்சி ஓடும்.

வெள்ளகோவில்

போன அக்டோபருக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஆறு என்று எழுதி, அடுத்து எட்டு என்று எழுதப் போன கை நின்றது. ஏழு என்று போட்டு, 'ரீத்தா, வெள்ளகோவில்' என்று எழுதினேன். அதற்குக் கீழே எட்டு, 'லூர்து' என்று என் பெயர். வழக்கப்படி ஏழாம் வீட்டார்தான் மாதாவை எட்டாம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதைத் தெரிந்துதான் எழுதினேன்.

எழுதிவிட்ட பிறகு ஜான்சிக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோயிற்று, கோயிலுக்கே போக முடிவதில்லை என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமியாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கால் மணி நேரத்தில் கூப்பிட்டாள். "சித்தி, அத்தை கேக்கறாங்க, எத்தன பேருக்குச் சோறு ஆக்கோணும்னு."

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வாசித்தேன். ஏழாம் எண் வந்தபோது என் குரல் உயரவில்லை. கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. மாதாவை வெள்ளகோவிலுக்குக் கொண்டுபோகிற அன்று, வேனில் இடம் போதாமல் ஒரு காரும் பிடிக்க வேண்டியதாயிற்று.

பல்லடம் தாண்டி, காங்கேயம் தாண்டி, சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் தோட்டத்துச் சாளைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டைச் சாளை என்பார்கள். முருங்கை மரங்கள், கட்டுத்தறியில் இரண்டு மாடுகள், வாசலில் காயப்போட்ட நிலக்கடலை. கார்த்தியின் அம்மா பாவாத்தாள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். "ஏனுங்க, உங்க சாமிக்கு ஆரத்தி எடுக்கலாமுங்களா? தப்பாயிருந்தா வெச்சுடறனுங்க," என்று கேட்டார்.

பழைய லூர்தாக இருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். எடுங்க என்றேன்.

ரீத்தாக்கா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க லூர்து, உக்காருங்க," என்றார். உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு ஜெபமாலை. ரீத்தாக்கா முற்பாதியைத் தொடங்கினார். அதே கனத்த குரல், கொஞ்சம் நூலாகியிருந்தது. நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த பாவாத்தாள் பிற்பாதியைச் சொன்னார். ஒரு வார்த்தை பிசகவில்லை. எங்கள் கூட்டம் மொத்தமும் அவருக்குப் பின்னால்தான் சேர்ந்துகொண்டது.

முடிந்த பிறகு அவரிடம் எப்படி என்று கேட்டேன்.

"அவிய பாட்டுக்குத் தனியா உக்காந்து சொல்லுவாங்க. சொல்லிப்போட்டு நிறுத்திக்குவாங்க. அப்பறம் பார்த்தா மறுக்காவும் அதையேதான் சொல்லுவாங்க. ஒருத்தரு பேசிப்போட்டுக் காத்திட்டிருந்தா பதில் சொல்லாம எப்படீங்க இருக்கறது? முதல்ல நான் ஆமாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டிருந்தனுங்க. அப்பறம் ஜான்சிதான் இன்னது சொல்லோணும்னு சொல்லிக்குடுத்துச்சு."

ரீத்தாக்காவும் பிற்பாதியைச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறார். நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இருவரும் பாதி பாதியாகச் சொல்லி நிறுத்திக்கொண்டு இருந்திருக்கிறோம். எந்தக் கல்யாணத்துக்காக நான் ஒரு வாசலைத் தாண்டிப் போனேனோ, அந்தக் கல்யாணத்தால் வந்த மனுஷிதான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

இலையில் உட்காருமுன் ரீத்தாக்கா பக்கத்தில் போய், "அக்கா, அன்னைக்கு ஏழாம் நம்பர்ல நின்னிருக்கணும். மறந்துட்டேன்னு சொன்னது பொய்," என்றேன்.

அவர் ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் வைத்தார். "நாப்பது பேருக்குச் சுண்டல் அவிச்சிருந்தேன் லூர்து. மூணு நாளு நானே தின்னேன்," என்றார். பிறகு, "சாப்புடுங்க, ஆறிப்போவுது," என்றார்.

கிளம்பும்போது, நாளைக்கு ஆறரை மணிக்கு எட்டாம் எண் வாசலில் காத்திருப்போம் என்று சொன்னேன். "பாக்கலாமுங்க," என்றார். எங்கள் பக்கம் பாக்கலாமுங்க என்றால் அதற்குள் எதுவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். சுரூபத்தை அங்கே விட்டுவிட்டு வேனில் ஏறினோம்.

நாற்பது பேருக்கு

மறுநாள் நான்கு கிலோ கொண்டைக்கடலையை அவித்தேன். தேங்காய் துருவினேன், மாங்காய் கீறிப் போட்டேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். கோயிலிலிருந்து நாற்காலிகள் வந்தன. செய்தி எப்படிப் பரவியதோ, வருவதை நிறுத்தியிருந்த மூன்றாம் தெருக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறரை ஆயிற்று. ஏழும் ஆயிற்று. ஜான்சி போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு கார் விளக்குக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தியை ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஸ்பீக்கர் இருக்கிறதே, அதுவரைக்கும் தொடங்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இந்த நேரத்தில் பக்கத்து வாசலில் நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாமியாரிடம் எத்தனையோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன், ஒன்றும் இதைக் காட்டித்தரவில்லை.

ஏழேகாலுக்குக் கார் வந்தது. சூலூரில் நெரிசலாம். முன்சீட்டிலிருந்து பாவாத்தாள் இறங்கினார். மாதாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பின்னால் ஜான்சி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தடியோடு, ரீத்தாக்கா. பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எட்டரைக்கெல்லாம் அவர்கள் காரில் திரும்பிக் கிளம்பிவிட்டார்கள். ரீத்தாக்கா பீளமேட்டில் வந்து இருக்கப்போவதில்லை. அவருக்கு இனி வெள்ளகோவில்தான் ஊர். இன்றைக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் முற்பாதியைச் சொல்லி நிறுத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சிதான் ஓடுகிறது. அந்தக் குரலுக்காக ஏங்குவது எனக்கு நின்றபாடில்லை, நிற்க வேண்டும் என்றும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அன்றைக்கு அவர் என் வாசலுக்கு வரவில்லை. ஏழாம் எண் வாசலுக்கு நடந்தார். சத்தம் கேட்டு ஐ.டி. பெண்களில் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"ஏனுங்கம்மணி, இந்த வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுக்கட்டுங்களா?" என்று ரீத்தாக்கா அவளைக் கேட்டார்.

"நில்லுங்கம்மா," என்று அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள். பாவாத்தாள் துண்டை எடுத்துவிட்டு, மாதாவைக் கையில் ஏந்தியபடி ரீத்தாக்காவின் பக்கத்தில் நின்றார். யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து அங்கே போனார்கள். யாரும் பட்டியலைப் பார்க்கவில்லை. என் வாசலில் போட்டிருந்த நாற்காலிகள் அத்தனையும் காலியாக இருந்தன. நான் எண்ணவில்லை.

ரீத்தாக்கா முற்பாதியைச் சொன்னார். நிறுத்தினார்.

பாவாத்தாள் வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ரீத்தாக்காவும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சொல்லு கண்ணு," என்றார்.

நான் சொன்னேன்.